இரண்டு காசுக் கணக்கு: தமிழ்நாட்டின் 39 மக்களவை உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உறுப்பினர்களே, வணக்கம்.

விருதுநகரில் சிறு வியாபாரிகளுக்கு வரிக் கணக்கு எழுதிக் கொடுத்துப் பிழைப்பவன் நான். நிதிநிலை அறிக்கை விவாதத்தில் நீங்கள் எழுந்து பேசும்போதெல்லாம் விடாமல் கேட்பேன். தமிழ்நாடு ஒரு ரூபாய் கொடுத்தால் 29 காசுதான் திரும்பி வருகிறது என்று உங்களில் ஒருவர் முழங்குவார். ஆளும் வரிசையில் கூச்சல் எழும். மறுநாள் காலை அந்த முழக்கம் எல்லோருடைய கைப்பேசியிலும் வந்துவிடும். பா.ஜ.க. அரசின் நிதிக் கொள்கைமீது உங்களுக்கு உள்ள கோபத்தில் பெரும்பகுதி எனக்கும் உண்டு. ஆனால் அந்தக் கோபத்தை வலுவில்லாத கணக்கின் மேல் நிறுத்துகிறீர்கள். வலுவான கணக்கு கைக்கெட்டும் தூரத்தில் கிடக்கிறது. அதை நீங்கள் எடுக்கத் தயங்குவதற்குக் காரணம் இருக்கிறது என்று சந்தேகிக்கிறேன்.

முதலில் 29 காசு. ஒரு நிறுவனம் எந்த ஊரில் வரி கட்டுகிறதோ அந்த மாநிலத்தின் பெயரில்தான் அதன் வருமான வரி பதிவாகும். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட நிறுவனம் பீகாரில் ஈட்டிய லாபமும் நம் கணக்கில் ஏறும். நம் ஊர் மக்கள் பணத்தில் மும்பை நிறுவனம் பார்த்த லாபம் மகாராஷ்டிரத்தின் கணக்கில் ஏறும். இந்தக் கேள்வியை எதிர் வரிசையில் விவரம் தெரிந்த ஒருவர் எழுப்பினால் உங்கள் முழக்கம் பாதியில் நின்றுபோகும். வளர்ந்த மாநிலம் தான் கொடுப்பதைவிடக் குறைவாகப் பெறுவது கூட்டாட்சியில் ஓரளவு இயல்பு என்றும் அவர் சொல்வார், அதிலும் நியாயம் உண்டு.

இப்போது வேறொரு கணக்கு. 2025 ஏப்ரலில் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஒன்றிய அரசின் கலால் வரி 21 ரூபாய் 90 காசு. இதில் அடிப்படைக் கலால் வரி எவ்வளவு என்று உங்கள் தொகுதியில் பெட்ரோல் போட வரிசையில் நிற்கும் யாரையாவது கேட்டுப் பாருங்கள். 1 ரூபாய் 40 காசு, அவ்வளவுதான். மீதியில் சிறப்புக் கூடுதல் கலால் வரி 13 ரூபாய், சாலை மற்றும் உள்கட்டமைப்பு செஸ் (குறிப்பிட்ட ஒரு காரணத்துக்காக வாங்கும் கூடுதல் வரி) 5 ரூபாய், வேளாண் உள்கட்டமைப்பு செஸ் 2 ரூபாய் 50 காசு. மாநிலங்களோடு பகிர வேண்டியது அந்த 1 ரூபாய் 40 காசை மட்டும்தான். ஒன்றிய வரிகளில் மாநிலங்களின் பங்கைப் பரிந்துரைக்கும் அமைப்பான நிதிக்குழுவில் 15ஆவது குழு சொன்ன 41 சதவீதத்தை அதிலிருந்து எடுத்தால் எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து 57 காசு. அதில் தமிழ்நாட்டின் பங்கு அப்போது 4.079 சதவீதம். நாட்டில் எந்த மூலையில் ஒரு லிட்டர் விற்றாலும் அந்த 21 ரூபாய் 90 காசிலிருந்து வரிப்பகிர்வாக நம் மாநிலத்துக்கு வந்தது இரண்டே கால் காசுக்குச் சற்று மேல்.

இதற்கு எந்த மறுப்பும் சொல்ல முடியாது. எந்த நிறுவனத்தின் தலைமையிடம் எங்கே என்ற வழக்காடலும் இங்கே எடுபடாது.

இந்த நிலை எப்படி வந்தது என்பதுதான் அதைவிடச் சுவையானது. 2018 பிப்ரவரி நிதிநிலை அறிக்கைக்கு முன்பு பெட்ரோல்மீதான கலால் வரி மொத்தம் 19 ரூபாய் 48 காசு. அறிக்கைக்குப் பின்பும் அதே 19 ரூபாய் 48 காசு. இடையில் நடந்தது இதுதான்: அடிப்படைக் கலால் வரியை 6.48இலிருந்து 4.48ஆகக் குறைத்தார்கள், 6 ரூபாயாக இருந்த இன்னொரு கூடுதல் வரியை ரத்து செய்தார்கள், 8 ரூபாய்க்குப் புதிதாகச் சாலை செஸ் போட்டார்கள். வண்டிக்குப் பெட்ரோல் போட்டவருக்கு ஒரு காசு வித்தியாசம் தெரியவில்லை. மாநிலங்களோடு பகிரும் தொகுப்பிலிருந்து மட்டும் லிட்டருக்கு 2 ரூபாய் வெளியேறிவிட்டது. 2021 பிப்ரவரியில் இதே வேலை மறுபடியும் நடந்தது. வேளாண் செஸ் 2 ரூபாய் 50 காசு உள்ளே வந்தது, 2.98ஆக இருந்த அடிப்படை வரி 1.40ஆக இறங்கியது, சிறப்புக் கூடுதல் வரியில் ஒரு ரூபாய் குறைந்தது. மொத்தத்தில் எட்டுக் காசு மாற்றம். கணக்கெழுதுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், கைதேர்ந்த வேலை. 2015இல் செல்வ வரியை ஒழித்துவிட்டு அதற்கு ஈடாகப் பெரும் பணக்காரர்களின் வருமான வரிமீது 2 சதவீத சர்சார்ஜ் (வரியின் மேல் போடும் வரி) கூட்டியதும் இந்த வகைதான். செல்வ வரி பகிர்வுக்குரியது, சர்சார்ஜ் அப்படியல்ல.

அடுத்ததைச் சொன்னால் உங்களுக்குக் கோபம் வரும்.

2014 மே மாதம் மன்மோகன் சிங் அரசு வெளியேறியபோது பெட்ரோல்மீதான கலால் வரி 9 ரூபாய் 48 காசு. 2025 ஏப்ரல் வரியில் பாதிகூட இல்லை, உண்மை. ஆனால் அந்த 9.48க்குள் அடிப்படை வரி எவ்வளவு? 1 ரூபாய் 20 காசு. மீதி அன்றைக்கும் செஸ்ஸும் கூடுதல் வரிகளும்தான். நரேந்திர மோடி அரசு தொகையைப் பெருக்கியது, வடிவத்தை அது கண்டுபிடிக்கவில்லை. அந்த வடிவத்துக்கு அரசியல் சட்டத்தில் இடம் கொடுத்தது 2000ஆம் ஆண்டின் 80ஆவது திருத்தம். ஒன்றிய அரசின் வரிகள் எல்லாவற்றையும் பகிரலாம் என்று வாசலைத் திறந்த அதே திருத்தம்தான் செஸ், சர்சார்ஜ் இரண்டையும் 270ஆவது பிரிவில் பெயர் சொல்லி வெளியே நிறுத்தியது. அது வாஜ்பாய் அரசு. அதில் தி.மு.க. அமைச்சர்கள் இருந்தார்கள். 2004இல் எல்லா வரிகள்மீதும் 2 சதவீதக் கல்வி செஸ் வந்தது, 2007இல் இன்னும் ஒரு சதவீதம் சேர்ந்தது. அது காங்கிரஸ் அரசு. அதிலும் தி.மு.க. அமைச்சர்கள் இருந்தார்கள். இடதுசாரிகளே, 2004இல் நீங்கள் அந்த அரசை வெளியிலிருந்து தாங்கினீர்கள். 2013இல் ஓராண்டுக்கு மட்டும் என்று சொல்லிக் கொண்டுவந்த சர்சார்ஜ் இன்றும் வேறு விகிதத்தில் வாழ்கிறது.

தமிழ்நாட்டின் பங்கு 12ஆவது நிதிக்குழு காலத்தில் 5.305 சதவீதம், 13ஆவதில் 4.969, 14ஆவதில் 4.023. 14ஆவது நிதிக்குழுவை ஒய்.வி. ரெட்டி தலைமையில் 2013 ஜனவரியில் அமைத்தது யார் என்று நினைவிருக்கிறதா? அப்போதும் தி.மு.க. காங்கிரஸ் கூட்டணியில்தான் இருந்தது, வெளியேறியது மார்ச்சில். 2011 மக்கள்தொகையைக் கணக்கில் எடுத்து, குடும்பக் கட்டுப்பாட்டில் முன்னேறிய மாநிலங்களைத் தண்டிக்கும் வழக்கம் அந்தக் குழுவில்தான் தலைகாட்டியது. 2017இல் என்.கே. சிங் தலைமையில் 15ஆவது நிதிக்குழுவை அமைத்த பா.ஜ.க. அரசு அதையே முழு அளவுகோலாக்கிவிட்டது.

உங்களை எதிரணியோடு ஒரே தட்டில் வைக்க இதையெல்லாம் சொல்லவில்லை. பள்ளிக்கூடங்கள் விஷயத்தில் நடந்தது தனி ரக அநீதி. ஒன்றிய அரசின் பி.எம்.ஸ்ரீ மாதிரிப் பள்ளித் திட்டத்தில் கையெழுத்திடவில்லை என்பதற்காக, பள்ளிக் கல்விக்கு ஒன்றிய அரசு தரும் சமக்ர சிக்ஷா நிதியில் 2024-25ஆம் ஆண்டுக்கான 2,152 கோடி ரூபாயை நிறுத்தி வைத்தார்கள். அதே ஆண்டில் என்னிடம் கணக்கு எழுதும் அண்ணாச்சி ஒருவர், பருப்பு மொத்த வியாபாரி, தன் வரிக் கணக்கைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இந்தக் கடைசி வரியில் 4 சதவீதம் என்று இருக்கிறதே, இது எதற்கு?" கல்விக்கும் சுகாதாரத்துக்கும் என்றேன். "அப்படியென்றால் எங்கள் தெருப் பள்ளிக்கூடத்துக்கு வர வேண்டிய பணத்தை ஏன் நிறுத்தினார்கள்?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை, ஏனென்றால் பதில் கிடையாது. கல்வியின் பெயரால் வசூலித்து, மாநிலத்தோடு பகிராமல் தானே வைத்துக்கொண்டு, கொள்கையில் ஒத்துவராத மாநிலத்தின் பள்ளிகளுக்கு மட்டும் கையை விரிக்க ஒன்றிய அரசை அனுமதிப்பது இந்த செஸ் ஏற்பாடுதான். இதை அவையில் இப்படிச் சேர்த்து வைத்துப் பேசுங்கள். 29 காசைவிட நன்றாகத் தைக்கும்.

பேசுவதோடு நிற்காமல் செய்ய வேண்டியவையும் உண்டு. 2024 தேர்தல் அறிக்கையில் காங்கிரஸ் ஒரு வாக்குறுதி கொடுத்தது: செஸ்ஸும் சர்சார்ஜும் மொத்த வரி வருவாயில் 5 சதவீதத்தைத் தாண்டாதபடி சட்டம் கொண்டுவருவோம் என்று. அறிக்கைக் குழுவின் தலைவர் ப. சிதம்பரம். 2004இல் கல்வி செஸ்ஸை அறிவித்த நிதியமைச்சரும் அவரே. மனம் மாறியிருந்தால் நல்லதுதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் 2011-12இல், அவர்கள் ஆண்ட காலத்திலேயே, இந்த விகிதம் சுமார் 10 சதவீதம். 2020-21இல் அது சுமார் 20 சதவீதமானது. (ஜி.எஸ்.டி. இழப்பீட்டு செஸ்ஸும் இதற்குள் அடக்கம், அது மாநிலங்களுக்கே வந்த பணம் என்பதைச் சொல்லாமல் விட்டால் நானும் 29 காசுக்காரனாகிவிடுவேன்.) இன்றைய எதிர்க்கட்சி நாளைய ஆளுங்கட்சி. சாதாரணச் சட்டத்தில் போட்ட வரம்பை அடுத்த நிதியமைச்சர் ஒரே பிற்பகலில் எடுத்துவிடலாம். 270ஆவது பிரிவிலேயே வரம்பு எழுதப்பட வேண்டும், அல்லது குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு மேல் நீடிக்கும் செஸ் தானாகவே பகிர்வுத் தொகுப்புக்குள் வந்துவிட வேண்டும். இதை உங்கள் கூட்டணியின் தேசியக் கட்சியிடம் எழுத்தில் வாங்குங்கள், அதுவும் தொகுதிப் பங்கீடு பேசும்போது. மற்ற நேரத்தில் கேட்டால் தேநீர் கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

இந்த வரம்புக்காகத் தனிநபர் மசோதாவும் (அமைச்சரல்லாத உறுப்பினர் கொண்டுவரும் மசோதா) கொடுக்கலாம். அதனால் என்ன ஆகும் என்று உங்களில் சிலர் சிரிக்கலாம். 2015 ஏப்ரலில் திருநங்கையர், திருநம்பியரின் உரிமைகளுக்காகத் திருச்சி சிவா கொண்டுவந்த தனிநபர் மசோதா மாநிலங்களவையில் நிறைவேறியது. அதற்கு முன் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக அந்த அவையில் அப்படி நடந்ததில்லை. வரிப்பகிர்வு பற்றிய மசோதா என்றால் 274ஆவது பிரிவைக் காட்டிக் குடியரசுத் தலைவரின் பரிந்துரை வேண்டும் என்பார்கள். கேளுங்கள். மறுத்தால் அந்த மறுப்பு பதிவில் இருக்கட்டும். இதைவிட எளிய வழி ஒன்றும் உண்டு. வரியைக் கூட்டும் திருத்தத்துக்குத்தான் பரிந்துரை தேவை, குறைக்கவோ நீக்கவோ கொண்டுவரும் திருத்தத்துக்குத் தேவையில்லை என்று 117ஆவது பிரிவே சொல்கிறது. நிதி மசோதா வரும்போது செஸ்ஸைக் குறைக்கும் திருத்தத்தைக் கொடுத்து, குரல் வாக்கெடுப்போடு விடாமல் டிவிஷன், அதாவது ஒவ்வொருவரின் வாக்கும் பதிவாகும் வாக்கெடுப்பு, கேளுங்கள். தோற்பீர்கள். ஆந்திரம், பீகார், ஒடிசா உறுப்பினர்கள் தங்கள் மாநிலப் பணத்துக்கு எதிராக எப்படி வாக்களித்தார்கள் என்பது பெயரோடு பதிவாகும். வெளிநடப்பு செய்தால் உங்கள் வாக்கே பதிவாகாது.

கடைசியாக ஒன்று. இதை உங்கள் கட்சித் தலைமைகளிடம் கொண்டு சேர்க்க வேண்டும். நீங்கள் டெல்லியில் மாநில உரிமை பேசும்போது எதிர் வரிசைக்காரர்கள் சொல்லும் பதில்களில் ஒன்று சொத்தையானது, ஒன்று கனமானது. பெட்ரோல்மீது தமிழ்நாடும் 13 சதவீதமும் அதன் மேல் லிட்டருக்கு 11 ரூபாய் 52 காசும் வாட் வரி வாங்குகிறதே என்பது சொத்தை. அது மாநிலத்தின் சொந்த வரி, ஒன்றிய அரசுக்கோ பிற மாநிலங்களுக்கோ பங்கு தர வேண்டியதில்லை. உங்கள் ஊராட்சிகளுக்கு நீங்கள் என்ன கொடுத்தீர்கள் என்பதுதான் கனமான கேள்வி. 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த 27 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5இல் முடிந்தது. தேர்தல் நடத்தாமல் தனி அலுவலர்களிடம் ஒப்படைத்தார்கள். அ.தி.மு.க. ஆட்சியிலும் 2016 முதல் 2019 வரை இதேதான் நடந்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட அமைப்பு இருந்தால்தான் உள்ளாட்சிகளுக்கு மானியம் என்பது 15ஆவது நிதிக்குழு மானியத்தின் நிபந்தனையாக இருந்தது. ஆகவே டெல்லி தர மறுக்காத பணத்தையும் நாமே வேண்டாம் என்று தள்ளியதாகிறது. சொத்து வரியோடு மக்களிடம் வாங்கிய நூலக வரியை நூலகத் துறைக்குக் கட்டாமல் உள்ளாட்சிகள் பாக்கி வைப்பது உங்களுக்கும் தெரியாததல்ல. ஒரு காரணத்துக்காக வாங்கிய பணம் அந்தக் காரணத்துக்குப் போகவில்லை என்று டெல்லியில் நீங்கள் அடுக்கும் குற்றச்சாட்டு வார்த்தை மாறாமல் இங்கேயும் பொருந்துகிறது.

அடுத்த நிதி மசோதா விவாதத்தின்போது 2025 ஏப்ரலின் 21 ரூபாய் 90 காசின் பிரிவினையை ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். 2014இன் 9 ரூபாய் 48 காசின் பிரிவினையையும் அதே தாளில் எழுதிக்கொள்ளுங்கள். இரண்டாவதை நீங்களே முதலில் வாசித்துவிட்டால் அதை வைத்து உங்களை மடக்க ஆளும் வரிசையில் யாருக்கும் வழியிருக்காது.

இப்படிக்கு,
விருதுநகர் வரிக் கணக்கர் ஒருவர்