அப்பப்பாவின் கடற்கரை சீன்

திருகோணமலை

அன்புள்ள மகளுக்கு,

போன ஞாயிறு நீ தொலைபேசியில் சொன்னதை ஒரு கிழமையாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். அப்பப்பா நாடக மேடையின் பின்னால் தொங்கவிடத் துணியில் கீறிய சீன்களைக் கனடாவுக்கு அனுப்பினால் பாதுகாப்பாக வைத்திருக்கலாம் என்றாய். உன் அக்கறை எனக்கு விளங்குகிறது. ஆனால் அவற்றை நம் ஒழுங்கை முடிவில் இருக்கும் ஓவியக்கூடத்துக்குக் கொடுக்கத்தான் என் மனம் சொல்கிறது. அதற்கு உன் சம்மதமும் வேண்டும், அதனால் விவரமாக எழுதுகிறேன்.

நீ போன பிறகுதான் அது தொடங்கியது. பழைய ஓட்டுவீடு, இரண்டு அறை, ஒரு விறாந்தை, அவ்வளவுதான். ஓய்வுபெற்ற சித்திர ரீச்சர் ஒருவர் நடத்துகிறார். கட்டணம் கிடையாது. ஒவ்வொரு படத்துக்கும் கீழே தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் எழுதியிருக்கிறார். சனிக்கிழமைகளில் பிள்ளைகள் வந்து விறாந்தையில் பாய் போட்டுப் படம் கீறுவார்கள். போன மாதம் எல்லோரும் நம் ஊர்க் கோட்டையில் திரியும் மான்களைக் கீறினார்கள். ஒரு சிறுவன் மானின் வாயில் ஒரு ஷொப்பிங் பையையும் கீறியிருந்தான். தினமும் பார்க்கிறதைத்தான் கீறினேன் என்றான். அதை ரீச்சர் பெரியவர்களின் படங்களுக்கு நடுவில் கொழுவிவிட்டார். அவனுடைய தாய் அதைப் பார்க்க மட்டும் மூன்று தடவை வந்துவிட்டாராம்.

சீன்களைக் காட்டத்தான் முதலில் கொண்டுபோனேன். அரண்மனை சீனும் காட்டு சீனும் மிகவும் பழுதாகிவிட்டன. கடற்கரை சீனை மட்டும் விறாந்தையில் விரித்தோம். தூள் வர்ணத்தைப் பசையில் குழைத்துக் கீறியது, அதனால் ஒவ்வொரு முறை சுருட்டி விரிக்கும்போதும் வர்ணம் உதிர்கிறது. நான் இத்தனை வருடமும் வர்ணம் உள்ளே வரும்படி சுருட்டி வைத்திருக்கிறேன். வர்ணம் வெளிப்பக்கம் இருக்க, தடித்த குழாயில் தளர்வாகச் சுற்ற வேண்டும் என்றார் ரீச்சர். அதைக் கேட்டபோது எனக்கு நெஞ்சு வலித்தது. அப்பாவின் வேலையை நானே உதிர்த்திருக்கிறேன்.

அப்போது பேத்தியைக் கூட்டிப்போக வந்த திருக்கடலூர் ஆச்சி ஒருவர் படத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு, "ஐயா, மலையில கோயிலைக் காணேல்லையே" என்றார்.

மகள், அந்த சீனை நான் பிறந்த நாள் முதல் பார்த்து வருகிறேன். டச்சுபே கரை, கரைவலைத் தோணி, அதற்கு அப்பால் கோணேசர் மலை, எல்லாம் கண்ணை மூடினாலும் தெரியும். மலையில் கோயில் இல்லை என்பது ஒருநாளும் கண்ணில் படவில்லை. போர்த்துக்கேயர் இடித்த கோயிலைத் திரும்பக் கட்டிக் கும்பாபிஷேகம் நடந்தது 1963இல். அப்படியென்றால் அப்பப்பா அதற்கு முன்பே கீறியிருக்கிறார். எப்போது கீறினார் என்று நாங்கள் வீட்டில் எத்தனை தரம் கேட்டிருப்போம், அதற்கு விடை ஆச்சியின் கண்ணில் இருந்தது. அப்புறம் அவர் நிலத்தில் இருந்துகொண்டு, வலை இழுக்கும்போது எந்தப் பக்கக் கயிற்றைத் தன் தகப்பன் பிடிப்பார் என்று விரலால் காட்டினார். பேத்தி வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

கிண்ணியாவிலிருந்து வந்த தையல்காரர் ஒருவர் துணியின் ஓரத்தைத் திருப்பிப் பார்த்து, இது மெஷின் தையல் அல்ல, கைத்தையல் என்றார். உன் அப்பம்மாதான் தைத்திருக்க வேண்டும்.

கனடாவில் குளிரூட்டிய அறை இருக்கும், ஈரப்பதத்தை அளக்கக் கருவி இருக்கும், சரி. இந்த ஆச்சி அங்கே வரமாட்டாரே.

உப்புக்காற்றும் மார்கழி மழையும் எனக்கும் பயம்தான். அதனால் சும்மா கொடுத்துவிட மாட்டேன். வெளிச்சுவரில் கொழுவக்கூடாது, சுவருக்கும் படத்துக்கும் இடையில் காற்றுப் போக இடம் விட வேண்டும், யன்னலுக்குத் தடித்த திரை போட வேண்டும், கறையானுக்கு மாதம் ஒரு தரம் பார்க்க வேண்டும் என்று பேசி எழுதிக்கொண்டோம். இரவலாகத்தான் கொடுக்கிறேன், உரிமை உனக்கும் தம்பிக்கும்தான். விற்கவோ ஊரைவிட்டு வெளியே கொண்டுபோகவோ அவர்களுக்கு அனுமதி இல்லை.

நீ கம்பஸில் படித்தபோது கொழும்பு பார்ன்ஸ் பிளேஸில் உள்ள சபுமல் பவுண்டேசனுக்கு உன்னைக் கூட்டிப்போனது ஞாபகமா? ஓவியர் ஹரி பீரிஸ் தன் வீட்டையே 43 குழு என்ற ஓவியர் குழுவின் படங்களுக்குக் கொடுத்த இடம். "ஆரோ வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கு அப்பா" என்று மெல்லச் சொன்னாய். இந்த ஓட்டுவீட்டுக்குள் போகும்போதெல்லாம் அந்தச் சொல்தான் வருகிறது.

இன்னொன்றும் நினைத்தேன். போர்த்துக்கேயருக்குப் பயந்து கோயில் விக்கிரகங்களைப் புதைத்தவர்கள் அவற்றை இந்த மண்ணுக்குள்ளேயே வைத்தார்கள். 1950இல் கிணறு வெட்டும்போது வெளியே வந்தன, இன்றைக்கும் கோணேஸ்வரத்தில் பூசை நடக்கிறது. அப்பப்பாவின் துணியை விக்கிரகத்தோடு ஒப்பிடவில்லை, பிள்ளை. இருந்தாலும் இங்கே இருக்கட்டும் என்ற எண்ணம் அதனால் இன்னும் உறுதியானது.

உன்னிடம் ஒரு வேலை. அப்பப்பாவின் நாடகப் புகைப்படம் ஒன்றை நீ கொண்டுபோனாயல்லவா, இந்த சீன் பின்னால் தெரியும் படம்? சீனுக்குப் பக்கத்தில் வைக்க ரீச்சர் கேட்கிறார். தபாலில் அனுப்பாதே. இப்போது ஸ்கான் பண்ணி அனுப்பு, ஆடி மாதம் வரும்போது படத்தைக் கையோடு கொண்டுவா.

அன்புடன்,
அப்பா