டானிக் பாட்டிலில் என்ன இருக்கிறது?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். கறிக்கோழிகளுக்கு மூலிகை மருந்தும் வைட்டமின் டானிக்கும் கொடுப்பது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். எந்த மூலிகைக்கு என்ன குணம் என்று நன்றாகவே சொல்லியிருந்தீர்கள். ஆனால் எதை எப்போது கொடுக்கக் கூடாது என்பதைத் தொடவே இல்லை. பண்ணைக்காரர்கள் அடிபடுவது அங்கேதான்.

எங்கள் பல்லடம் பக்கம் பெரும்பாலும் ஒப்பந்தப் பண்ணைகள். குஞ்சும் தீவனமும் கம்பெனி கொடுக்கும். கொட்டகையும் பாடும் நம்முடையது. எத்தனை கிலோ தீவனத்துக்கு எத்தனை கிலோ கோழி தேறியது என்று பார்த்துத்தான் வளர்ப்புக் கூலி. அதனால் கோழி கொஞ்சம் சோர்ந்து நின்றாலே மனசு பதறுகிறது. கடைக்கு ஓடி, கைக்குக் கிடைத்த பாட்டிலை வாங்கித் தண்ணீரில் ஊற்றிவிடுகிறோம்.

போன மழைக்காலத்தில் எங்கள் ஊர்ப் பண்ணை ஒன்றில் ரத்தக் கழிச்சல் வந்தது. கால்நடை மருத்துவர் அந்தக் கிருமியைக் கொல்லும் ஆம்ப்ரோலியம் என்ற மருந்தைக் கொடுக்கச் சொன்னார். பண்ணைக்காரர், கோழிக்குத் தெம்பு வரட்டும் என்று அதே தொட்டியில் பி1 உள்ளிட்ட பி வைட்டமின்கள் அடங்கிய பி காம்ப்ளக்ஸ் டானிக்கையும் சேர்த்துக் கலந்தார். கழிச்சல் நிற்கவில்லை. சிறகைத் தொங்கப் போட்டுக்கொண்டு கோழிகள் மூலையில் ஒடுங்கிக் கிடந்ததை நானே போய்ப் பார்த்தேன். ஆம்ப்ரோலியம் பார்ப்பதற்கு வைட்டமின் பி1 மாதிரியே இருக்கும். நோய்க்கிருமி அதைப் பி1 என்று எடுத்துக்கொண்டு பட்டினி கிடந்து சாகும். நாமே நிஜ பி1-ஐயும் ஊற்றினால் மருந்து எப்படி வேலை செய்யும்? மருத்துவர் வந்து இதை விளக்கிய பிறகுதான் எங்களுக்கெல்லாம் புரிந்தது. அந்த டானிக் பாட்டிலில் இதைப் பற்றி ஒரு எச்சரிக்கைகூட இல்லை.

வைட்டமினே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சித்திரை வெயிலில் கோழி வாயைத் திறந்து இரைக்கும்போது வைட்டமின் சி-யும் எலக்ட்ரோலைட் என்ற உப்புக் கலவையும் கைகொடுப்பதைக் கண்ணால் பார்க்கிறோம். கோழி தன் உடம்பிலேயே வைட்டமின் சி செய்துகொள்ளும், ஆனால் அந்தச் சூட்டுக்கு அது போதாது. பி2 குறைந்தால் குஞ்சின் கால்விரல்கள் உள்பக்கமாக மடங்கும், அதற்கு உடனே பி2 கொடுத்தாக வேண்டும். ஆனால் கம்பெனித் தீவனத்தில் ஏற்கெனவே வைட்டமின் கலவை இருக்கிறது. அதற்கு மேல் ஏ, டி3 போன்றவற்றைத் தினமும் ஊற்றினால் உடம்பில் தங்கிக் கெடுதல்தான் செய்யும். தகரக் கூரைக்கு அடியில் மூட்டை நாள்பட்டுக் கிடந்தால் உள்ளிருக்கும் வைட்டமின் வீரியம் குறையும் என்பதும் உண்மை. அப்படியானால் முதலில் பார்க்க வேண்டியது மூட்டையில் உள்ள தேதியை.

மூலிகையும் அப்படித்தான். கீழாநெல்லி ஈரலுக்கு நல்லது என்று நம் வீடுகளிலேயே காலங்காலமாகச் சொல்வார்கள். ஆனால் பூஞ்சை பிடித்த மக்காச்சோளத்தில் உண்டாகும் அஃப்லாடாக்சின் என்ற நஞ்சு தினமும் ஈரலுக்குள் போய்க்கொண்டிருந்தால், லிவர் டானிக்கை எவ்வளவு ஊற்றி என்ன பயன்? தீவனத்தை மாற்ற வேண்டும். அப்புறம், மஞ்சள், மிளகு, சீரகம், பூண்டு அரைத்துக் கொடுத்தால் வெள்ளைக் கழிச்சல் (ராணிகெட்) நோய் வராது என்று நம்பி, அதற்கான லசோட்டா தடுப்பூசியைத் தள்ளிப் போடுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இதை உங்கள் இதழ் அழுத்தமாக எழுத வேண்டும். தடுப்பூசிக்கு மாற்று எதுவும் இல்லை.

இன்னொன்று, கோழிகள் கொத்திக் குடிக்கும் நிப்பிள் தண்ணீர்க் குழாய். சர்க்கரைப் பாகு கலந்த டானிக்குகள் குழாய்க்குள் வழவழப்பாகப் படிந்து கிருமி வளர இடம் கொடுக்கின்றன. மூலிகைப் பொடியின் சக்கை நிப்பிளை அடைத்துவிடும். டானிக் கொடுத்து முடித்ததும் குழாயில் நல்ல தண்ணீரை வேகமாக விட்டுக் கழுவியே ஆக வேண்டும். கடைக்காரர் யாரும் இதைச் சொல்வதில்லை.

ஐரோப்பிய ஒன்றியம் வளர்ச்சிக்காகத் தீவனத்தில் ஆன்டிபயாடிக் சேர்ப்பதை 2006-இல் நிறுத்தியது. நம் நாட்டில் 2019-இல் கோலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கைக் கோழிக்குக் கொடுக்கத் தடை வந்தது. இரண்டும் சரியான முடிவுகள், மனதார வரவேற்கிறேன். ஆனால் அந்த இடத்துக்கு வரும் மூலிகை பாட்டில்கள் பலவற்றில் செடியின் பெயர்கள் மட்டும் இருக்கின்றன. எது எத்தனை கிராம், எத்தனை நாள் கொடுக்கலாம், எந்த மருந்தோடு சேரக் கூடாது என்ற விவரம் இல்லை. அதைக் கட்டாயமாக்கச் சொல்லி அரசை நீங்கள் கேட்க வேண்டும்.

நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் இதைப் பற்றிப் பேசத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டு, எதை எந்த வயதில், எந்த நேரத்தில், எவ்வளவு, எதோடு சேர்க்காமல் கொடுப்பது என்று ஒரே பக்கத்தில் வெளியிடுங்கள். மாசி முடிவதற்குள் வந்தால், வெயிலுக்கு முன்னால் கொட்டகைச் சுவரில் வெட்டி ஒட்டிக்கொள்வோம்.

இப்படிக்கு,
கறிக்கோழிப் பண்ணையாளர் ஒருவர்,
பல்லடம் வட்டம், திருப்பூர் மாவட்டம்.