சேஷாத்ரி நினைவு மாநாட்டை நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அமைப்புக் குழுவினருக்கு,

வணக்கம். கணிதவியலாளர் பேராசிரியர் சி. எஸ். சேஷாத்ரியின் நினைவாக நீங்கள் நடத்தவிருக்கும் இயற்கணித வடிவியல் (சமன்பாடுகள் தரும் வடிவங்களை ஆராயும் துறை) மாநாட்டின் அறிவிப்பைக் கண்டு மகிழ்ந்த கல்லூரி ஆசிரியர்களில் நானும் ஒருத்தி. விண்ணப்பப் படிவத்தைத் திறக்கும்வரைதான் அந்த மகிழ்ச்சி.

என் எம்.எஸ்சி. மாணவி ஒருத்தி விண்ணப்பித்தாள். நூலகத்தில் கிடைத்த ஒரே பழைய புத்தகத்தை வைத்துக்கொண்டு ரீமான் பரப்புகளை, அதாவது கலப்பெண்களைக் கொண்டு ஆராயும் பரப்புகளை, தானாகவே படித்து வருபவள். பரிந்துரைப்பவருக்கு நிறுவன மின்னஞ்சல் முகவரி கட்டாயம் என்றது படிவம். எங்கள் அரசுக் கல்லூரியில் யாருக்கும் அப்படியொரு முகவரி கிடையாது. துறைத்தலைவர் முதல் கௌரவ விரிவுரையாளர் வரை எல்லோருக்கும் ஜிமெயில்தான். என் முகவரியை இட்டதும் படிவம் நகர மறுத்துவிட்டது. சரி என்று, கல்லூரி முத்திரையும் முதல்வர் கையெழுத்துமாகக் கடிதத்தை உங்களுக்கே அனுப்பினோம். வடிவியலில் ஆய்வு செய்பவரின் பரிந்துரைதான் வேண்டும் என்று ஒரு வரியில் பதில் வந்தது. அப்படி ஒருவர் எங்கள் துறையில் இருந்திருந்தால் அவள் உங்கள் மாநாட்டுக்காக இவ்வளவு ஏங்கியிருக்க மாட்டாள், ஐயா.

கல்லூரி ஆசிரியரின் பரிந்துரையையும் ஏற்றுக்கொள்ளுங்கள். நாங்கள் கேட்பது இதுதான்.

சேஷாத்ரியும் அவரோடு சேர்ந்து ஆய்வு செய்த கணிதவியலாளர் எம். எஸ். நரசிம்மனும் எங்கிருந்து கிளம்பினார்கள் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. சென்னை லயோலா கல்லூரி வகுப்பறையிலிருந்துதான். பாரிசில் பிரெஞ்சுக் கணிதவியலாளர் எலி கார்த்தானிடம் ஆய்வு செய்துவிட்டு வந்த அருட்தந்தை சார்லஸ் ரசீன் அங்கே அவர்களுக்குப் பாடம் எடுத்தார். நவீன கணிதம் என்று ஒன்று இருப்பதைக் காட்டி, தேர்ந்த மாணவர்களை மும்பையிலுள்ள டாடா அடிப்படை ஆய்வு நிறுவனத்துக்குப் போகச் சொன்னவர் அவர். ரீமான் பரப்பின் மேலுள்ள நிலைத்த வெக்டர் பண்டில்களை (ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு வெக்டர் வெளியை ஒட்டிய அமைப்புகளில் ஒருவகை) அப்பரப்பின் அடிப்படைக் குலத்தோடு (பரப்பின் மேல் சுற்றிவரும் மூடிய பாதைகளால் அமைவது) இணைத்து அவ்விருவரும் 1965-இல் வெளியிட்ட தேற்றத்தைப் பற்றித்தான் உங்கள் மாநாட்டில் பாதி உரைகள் இருக்கும். சேஷாத்ரி 1989-இல் தொடங்கிய நிறுவனமே பிறகு சென்னைக் கணிதவியல் கழகமாக வளர்ந்தது. அங்கே பி.எஸ்சி. மாணவரும் ஆய்வாளரும் ஒரே கூரையின் கீழ் இருக்கிறார்கள். அப்படிப்பட்டவர் பெயரில் கூடும் அவையில் ஒரு கல்லூரி மாணவி பின்வரிசையில் உட்காரக்கூட முடியாது என்றால் எப்படிப் பொறுத்துக்கொள்வது?

சிறிய ஊர்ப் பிள்ளைகள் கணித ஆய்வுக்கு வருவதில்லை என்று மேடைதோறும் வருத்தப்படுகிறார்கள். எங்கள் பணியிடங்கள் நிரப்பப்படாமல் கிடக்கின்றன. ஒரே ஆசிரியர் பகுப்பாய்வையும் இயற்கணிதத்தையும் மாறி மாறி நடத்துகிறார். நூலகத்துக்குப் புதுப் புத்தகம் வருவது அரிது. இவை உங்களால் வந்த குறைகள் அல்ல, உங்கள் குழுவால் தீரக்கூடியவையும் அல்ல. ஆனால் அந்த மின்னஞ்சல் விதியை எழுதியது நீங்கள்தான். அதை நீங்கள் இன்றைக்கே நீக்கலாம்.

அருள்கூர்ந்து கல்லூரி ஆசிரியரின் பரிந்துரையை, அது எந்த முகவரியிலிருந்து வந்தாலும், ஏற்றுக்கொள்ளுங்கள். சந்தேகமிருந்தால் கல்லூரி முதல்வரைத் தொலைபேசியில் அழைத்து விசாரியுங்கள். முடிந்தால் மாநாட்டுக்கு முந்தைய நாள் மாணவர்களுக்கென்று அறிமுக உரைகள் இரண்டு வையுங்கள். கரும்பலகையும் சாக்பீஸும் போதும். விண்ணப்பிக்க இன்னும் நாள் இருக்கிறது. படிவத்தைத் திருத்தியதும் ஒரு வரி தெரிவித்தால், என் மாணவியின் விண்ணப்பம் அன்றே வந்து சேரும்.

பணிவுடன்,
ஒரு கணித ஆசிரியை