மூக்கு வளைந்தவன் இங்கேயும் வந்தான்

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மா கொடுத்துவிட்ட பொடிகள் வந்து சேர்ந்தன. மற்ற சங்கதி எல்லாம் போனில் பேசியாயிற்று, ஆனால் ஞாயிற்றுக்கிழமை பார்த்த பறவையைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாலே பாதியில் போன் அம்மா கைக்குப் போய்விடுகிறது, அதனால்தான் இந்தக் கடிதம்.

டொராண்டோவின் மேற்குப் பக்கம் கர்னல் சாமுவேல் ஸ்மித் பூங்கா என்று ஒன்று இருக்கிறது, ஒன்டாரியோ ஏரிக்குள் மண் கொட்டி நீட்டிய இடம். ஏரி என்றுதான் பெயர், அலை அடிக்கிறது, அக்கரை தெரிவதில்லை, ஆனால் உப்பு வாடையே கிடையாது, அது எனக்கு இன்னும் பழகவில்லை. மே மாதக் கடைசியில் விம்ப்ரல் என்கிற வளைந்த அலகுக் கரைப்பறவைக் கூட்டங்கள் இந்த வழியாக வடக்கே போகும் என்று, இங்குள்ளவர்கள் விடியும்போதே வந்து நின்று எண்ணுகிறார்கள். நானும் போனேன். ஸ்வெட்டர், அதன்மேல் கோட்டு, அப்படியும் கை விறைத்தது.

ஏழு மணிக்கு மேல் தூரத்தில் ஒரு நீளக் கோடு தெரிந்தது. விம்ப்ரல் என்று சொல்லிவிட்டேன். பக்கத்தில் நின்ற பாட்டி தன் டெலஸ்கோப்பில் பார்க்கச் சொன்னார்: நீர்க்காகங்கள். அவையும் இப்படித்தான் வரிசை கட்டும், ஆனால் இறக்கை அடிப்பு கனமாக இருக்கும், கழுத்து நீண்டு தெரியும் என்றார். அப்புறம் அரைமணி நேரம் ஒன்றுமில்லை. பிறகு முதலில் சத்தம்தான் வந்தது, ஒரே சுருதியில் கிடுகிடுவென்று அந்த ஆறேழு விசில். அப்பா, எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. உப்பளத்து வரப்பில் நீங்கள் கையைப் பிடித்து நிறுத்திக் கேட்கச் சொன்ன அதே சத்தம்! "மூக்கு வளைஞ்சவன் வந்துட்டான்" என்பீர்களே, அவன்தான். கூர்மையான இறக்கை, கீழ்நோக்கி வளைந்த அலகு, எண்பதுக்கு மேல் எண்ணினோம், நிற்காமல் தலைக்கு மேலேயே போய்விட்டன.

ஆனால் ஒரு வித்தியாசம். கோடியக்கரையில் அவன் எழும்பிப் பறக்கும்போது முதுகின் கீழ்ப்பக்கம் வெள்ளை பளிச்சென்று தெரியும், இல்லையா? இங்கே அந்த வெள்ளை கிடையாது, முதுகு முழுக்கப் பழுப்பு. அமெரிக்கக் கண்டத்து இனம் அப்படித்தான் என்று பாட்டி சொன்னார். குளிர்காலத்தைத் தெற்கே கழித்து, வசந்தத்தில் வர்ஜீனியாக் கடற்கரையில் நண்டு தின்று கொழுத்து, அங்கிருந்து ஹட்சன் விரிகுடாப் பக்கம் குஞ்சு பொரிக்கப் போகிறது. எப்போதாவது வெள்ளை முதுகுக்காரன் ஒருவன் வழிதவறி இந்தக் கூட்டத்தில் கலந்து வருவானாம், அதற்காகவே ஒவ்வொரு முதுகாகப் பார்க்கிறார்கள். அன்றைக்கு ஒன்றும் இல்லை. இருந்தாலும் அந்த வெள்ளை முதுகைச் சின்ன வயதிலேயே பார்த்திருக்கிறேன் என்று சொன்னபோது பாட்டி டெலஸ்கோப்பை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பி உட்கார்ந்து, உங்களைப் பற்றியும் உப்பளத்தைப் பற்றியும் கேட்டுக்கொண்டே இருந்தார்.

புரட்டாசியில் அவன் அங்கே வந்து இறங்கியதும் முதுகைப் பார்த்துவிட்டு எனக்குச் சொல்லுங்கள், போட்டோ எல்லாம் வேண்டாம். வெயிலில் தொப்பி போட்டுக்கொண்டு போங்கள்.

அன்புடன்,
உங்கள் மகள்