முத்திரை படம் போட்டா மூச்சையும் சேர்த்து போடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்புல யோகாவுல கைவிரல சேர்த்து வைக்கிற முத்திரைகள் பத்தி வந்திருந்தத படிச்சேன், முதல்ல சந்தோஷமாத்தான் இருந்துச்சு, ஆனா ஒவ்வொரு படத்துக்கு கீழயும் இது சுகருக்கு, இது பிரஷருக்குன்னு ஒரு வியாதி பேரு, மூச்சைப் பத்தி ஒரு வரி கூட இல்ல. இத நம்பி ஒருத்தர் மாத்திரைய நிறுத்திட்டா என்ன ஆகும்?

எங்க புதுச்சேரியில 1968ல சுவாமி கீதானந்த கிரி ஆனந்தா ஆசிரமம் ஆரம்பிச்சார், அந்த வழியில விபாக பிராணாயாமம்னு நெஞ்ச கீழ், நடு, மேல்னு பிரிச்சு மூச்சு பழக்குவாங்க. முட்டிய மடக்கி குதிகால் மேல உக்கார்ற வஜ்ராசனத்துல உக்காந்து கைய தொடை மேல வச்சுக்கணும். கட்டைவிரல் நுனியும் ஆள்காட்டி விரல் நுனியும் தொட்டா சின் முத்திரை, மூச்சு அடிவயித்துக்கு போகணும். மத்த மூணு விரலையும் மடக்கினா சின்மய முத்திரை, இப்ப விலா விரியணும். கட்டைவிரல உள்ள வச்சு மூடினா ஆதி முத்திரை, மேல்நெஞ்சு. ரெண்டு முஷ்டியையும் தொப்புள் கிட்ட சேர்த்து வச்சா பிரம்ம முத்திரை, மூணும் சேர்ந்த முழு மூச்சு.

நான் பெரியவங்களுக்கு கிளாஸ் எடுக்கிறேன் சார், நல்லா மூச்சு இழுங்கம்மான்னு சொன்னா போதும், தோள் காது வரைக்கும் ஏறிடும், வயிறு உள்ள போயிடும், நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவுல இருக்கிற மூச்சுத் தசை, அதாவது உதரவிதானம், கீழ இறங்கவே இடமிருக்காது. சாதாரணமா ஒரு மூச்சுக்கு சுமார் 500 மில்லி காத்து போகுது, அதுல ஏறக்குறைய 150 மில்லி மூச்சுக்குழாயோட நின்னுடும், அதனால மேலோட்டமா படபடன்னு விடுற மூச்சு பாதி வீண்தான். அந்த இடத்துலதான் விரல் உதவுது, கவனம் நிக்க ஒரு பிடி கிடைக்குது. சிலர் நகம் வெளுக்கிற அளவுக்கு அழுத்துவாங்க, அப்படி அழுத்தினா தோளும் சேர்ந்து இறுகிடும், விரல் பட்டும் படாம இருந்தாலே போதும். முட்டி வலி இருக்கிறவங்க நாற்காலியில உக்காந்தே செய்யலாம். இருதய நோய் இருக்கிறவங்க, கர்ப்பிணிங்க எல்லாம் மூச்ச அடக்கவே கூடாது, இன்ஹேலர் வச்சிருக்கவங்க அத விடக்கூடாது, இத கொட்டை எழுத்துல போடணும்.

ஜூன் 21 யோகா தினத்துக்கு எப்படியும் ஸ்பெஷல் பக்கம் போடுவீங்க. அதுல இந்த நாலு முத்திரையையும் கை மட்டும் தெரியிற மாதிரி இல்லாம உக்காந்திருக்கிற முழு உருவத்தோட, பக்கவாட்டுல எடுத்து, எந்த இடம் விரியுதுன்னு அம்புக்குறி போட்டு குடுங்க சார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
புதுச்சேரி