சாலிட் ஸ்டேட்டுக்காகக் காத்திருக்காதே

தேவகோட்டை

அன்புள்ள சிதம்பரம்,

உன் கடிதம் கிடைத்தது. ஆச்சிக்கு முழங்கால் வலி குறைந்திருப்பது பெரிய நிம்மதி. இங்கே எல்லாரும் சுகம். வளவில் ஓடு மாற்றும் வேலைதான் இழுத்துக்கொண்டே போகிறது.

சாலிட் ஸ்டேட் பேட்டரி வந்த பிறகுதான் மின்சார கார் வாங்குவேன் என்று எழுதியிருந்தாய். வேண்டாம், காத்திருக்காதே. பேட்டரிக்குள் மின்னூட்டத்தைக் கடத்தும் திரவத்துக்கு (எலக்ட்ரோலைட்) பதில் திடப்பொருள் இருந்தால் தீப்பிடிக்கும் பயம் குறையும், அதே எடையில் கூடுதல் தூரம் போகலாம். உண்மைதான். ஆனால் சார்ஜ் ஏற ஏற லித்தியம் ஊசி ஊசியாக வளர்ந்து அந்தத் திடப்பொருளையே துளைக்கப் பார்க்கிறது. இந்தப் பேட்டரியோடு கார் கொண்டுவர டொயோட்டா 2027-28ஐக் குறி வைத்திருக்கிறது. வந்தாலும் முதலில் விலை கூடிய கார்களுக்குத்தான் போகும் என்பது என் எண்ணம்.

நமக்கு வேண்டியது சித்திரை வெயிலில் நிற்கும் வண்டியிலும் அடங்கி இருக்கிற பேட்டரி. லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி இப்போதே கிடைக்கிறது. கொஞ்சம் கனம், ஆனால் சூட்டைத் தாங்கும், கோபால்ட்டும் நிக்கலும் வேண்டியதில்லை. அந்தப் பொருளை 1997ல் உலகுக்குக் காட்டியது அமெரிக்க விஞ்ஞானி ஜான் குட்இனஃப்பின் குழு. அவருக்கு 2019ல் நோபல் கிடைத்தபோது வயது 97!

அதற்கும் அடுத்து நான் ஆவலாக எதிர்பார்ப்பது லித்தியத்துக்குப் பதில் சோடியத்தை வைத்துச் செய்யும் சோடியம் அயான் பேட்டரி. லித்தியத்தை வெளிநாட்டிலிருந்து வாங்க வேண்டியிருக்கிறது. சோடியமோ தூத்துக்குடி உப்பளத்தில் குவிந்து கிடக்கிறது. லித்தியம் பேட்டரியில் ஒரு பக்கம் செம்புத் தகடு வேண்டும். சோடியத்துக்கு இரண்டு பக்கமும் மலிவான அலுமினியமே போதும். பேட்டரியின் எதிர்மின் முனைக்கான கார்பனைத் தேங்காய்ச் சிரட்டையிலிருந்துகூடச் செய்கிறார்கள். சீனாவின் பேட்டரி கம்பெனி சிஏடிஎல் 2021ல் அறிவித்த முதல் தலைமுறை செல், ஒரு கிலோ எடைக்கு 160 வாட் மணி மின்சாரம் சேமிக்கும். நெடுந்தூரக் காருக்கு இது குறைவு. காரைக்குடி டவுனுக்குள் ஓடும் ஆட்டோவுக்குத் தாராளம். ஆட்டோக்காரர்களுக்கு விலை இறங்கினால்தான் இதெல்லாம் நம்மூருக்கு வந்ததாக அர்த்தம்.

இந்த வேலையில் நம்மூருக்கு உரிமையும் உண்டு. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால்தான் 1948ல் நேரு அடிக்கல் நாட்ட, சிக்ரி என்கிற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் காரைக்குடிக்கு வந்தது. லித்தியம் அயான் பேட்டரி தொழில்நுட்பத்தை 2018ல் ஒரு தனியார் கம்பெனிக்கு அங்கிருந்துதான் கொடுத்தார்கள். அந்த வாசலை எத்தனையோ முறை கடந்துபோயும் உள்ளே நடப்பது நம் பிள்ளைகளுக்குத் தெரியவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

அப்புறம், உன் பேத்தி பிளஸ் டூவில் கெமிஸ்ட்ரியில் நல்ல மார்க் வாங்குகிறாள் என்றாயே, எலக்ட்ரோகெமிஸ்ட்ரி பக்கம் போக அவளுக்கு விருப்பம் இருக்கிறதா என்று கேட்டு எழுது. லீவுக்கு அவளையும் கூட்டிக்கொண்டு வா.

அன்புடன்,
நாச்சியப்பன்