ஜன்னலோரக் கட்டிலில் இருந்த பெரியவருக்கு

அன்புடையீர்,

நான் மருத்துவமனையிலிருந்து நெதர்லாந்தின் குரோனிங்கன் நகரில் உள்ள வீட்டுக்குத் திரும்பி இன்றோடு மூன்று நாள்கள் ஆகின்றன. நடந்தவை உங்கள் எல்லோருக்கும் தெரியும்; அவற்றைத் திரும்ப எழுதும் தெம்பு எனக்கு இன்னும் வரவில்லை. நன்றி சொல்வதை மட்டும் நாளைக்கென்று தள்ளிப்போட மனம் ஒப்பவில்லை. ஊரிலிருந்து அம்மா வந்து சேர விமானச் சீட்டு எடுத்துக் கொடுத்தவர்கள், கொட்டும் மழையில் மிதிவண்டி மிதித்து ரசமும் குழைந்த சோறும் கொண்டுவந்த குடும்பத்தினர், ஆய்வகத்தில் என் வேலையைப் பங்கிட்டுக்கொண்ட தோழர்கள், இரவெல்லாம் கண்விழித்த செவிலியர்கள் என அனைவருக்கும் கைகூப்பி வணங்குகிறேன்.

இம்மடலில் விரிவாகச் சொல்ல விரும்புவது, உங்களில் பலர் பார்த்திராத ஒருவரைப் பற்றி. என் அறையில் ஜன்னலோரக் கட்டிலில் இருந்த அவர் ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். எந்தக் கால்பந்து வீரரைத் தெரியும் என்று முதல் மாலை அவர் கேட்டபோது, ஆர்யென் ராபன் என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. இந்நகருக்கு வடக்கே சற்றுத் தொலைவில் உள்ள பெடும் என்ற சிற்றூரில் 1984-இல் பிறந்த ராபன், பதினாறு வயதில் குரோனிங்கன் அணிக்காக முதன்முதலில் களமிறங்கிய காலத்திலிருந்தே, பழைய ஊஸ்டர்பார்க் மைதானத்தில் அவரது ஆட்டத்தைப் பார்த்து வந்தவர் இவர்.

அன்றிலிருந்து மாலைதோறும், வலி கூடும் அந்த நேரம் பார்த்து, "யோங்கன்" என்று (நம் வழக்கில் "தம்பி" என்று) கூப்பிட்டு, எனக்குப் புரியும்படி டச்சு மொழியை மெதுவாகப் பேசி, நாளுக்கு ஓர் ஆட்டமாக ராபனின் வாழ்க்கையைச் சொல்லி வந்தார். ராபன் ஆடிய பி.எஸ்.வி., செல்சி, ரியல் மாட்ரிட் ஆகிய அணிகளை இரண்டே மாலைகளில் கடந்துவிட்டார். பின்பு பத்து ஆண்டுகள் நீடித்த ஜெர்மனியின் பயர்ன் மியூனிக் அணிக் காலத்துக்கு வந்ததும் அவர் குரலே மாறியது. வலது ஓரத்தில் பந்தை வாங்கி, உள்நோக்கி வெட்டி, இடது காலால் கோலின் தூர மூலைக்கு அடிப்பதுதான் ராபனின் வழி. அதைத்தான் செய்யப்போகிறார் என்று எதிரணிக்கும் அரங்கில் இருக்கும் குழந்தைக்கும் தெரியும். தெரிந்தும் தடுக்க முடிந்ததில்லை. இதைச் சொல்லும்போது பெரியவரின் கை போர்வையின் மேல் அந்த வளைவை வரைந்து காட்டும்.

அவர் எனக்கு ஆறுதல் வார்த்தை ஒன்றுகூடச் சொன்னதில்லை. தோல்விகளைத்தான் விரிவாகச் சொன்னார். 2010 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் ராபன் தனியே முன்னேறிச் சென்று அடித்த பந்து ஸ்பெயின் கோல்காப்பாளர் காசியாஸின் காலில் பட்டு விலகியது. ஐரோப்பிய அணிகளுக்கான சாம்பியன்ஸ் லீக்கின் 2012 இறுதி ஆட்டத்தின் கூடுதல் நேரத்தில், சொந்த மைதானத்திலேயே, அவரது பெனால்டியைச் செல்சி கோல்காப்பாளர் செக் பிடித்துவிட்டார். சில நாள்களில் நெதர்லாந்து அணிக்காக அதே மைதானத்தில் ஆடியபோது பயர்ன் ரசிகர்களே அவரைப் பார்த்து எதிர்ப்புச் சீழ்க்கை அடித்தார்கள். என் மோசமான நாள்களில் எனக்குக் கேட்கத் தேவைப்பட்டவை அந்தக் கதைகள்தாம் என்று அந்த ஓட்டுநருக்கு எப்படித் தெரிந்ததோ, நான் அறியேன்.

அறுவைச் சிகிச்சைக்கு முந்தைய மாலை, 2013 மே மாதம் வெம்பிளியில் டார்ட்மண்ட் அணியுடன் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டத்தைத் தொடங்கினார். முதல் பாதியில் ராபன் தவறவிட்ட வாய்ப்புகள், சக வீரர் மான்சுகிச்சுக்கு அவர் அமைத்துக் கொடுத்த கோல், டார்ட்மண்ட் வீரர் குந்தோகனின் பெனால்டியால் வந்த சமநிலை என ஒவ்வொன்றாகச் சொல்லி, 88-ஆம் நிமிடத்துக்கு வந்ததும், "மீதி நீ திரும்பி வந்த பிறகு" என்று விளக்கை அணைத்துவிட்டார். ஊரில் இருந்தபோது அந்த ஆட்டத்தை விடியும் முன் கண்விழித்துப் பார்த்தவன் நான். முடிவு எனக்கு மனப்பாடம். ஆயினும் ஒரு சொல்லும் பேசாமல், மறுநாள் மாலைக்காகக் காத்திருப்பவனாகப் படுத்துக்கொண்டேன். மறுநாள் மயக்கம் தெளிந்து அறைக்கு வந்தபோது, அவர் நாற்காலியை என் கட்டிலருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். சக வீரர் ரிபெரி பந்தைத் தட்டிவிட, ராபன் இரு தடுப்பாட்டக்காரர்களுக்கிடையே நுழைந்து, கோல்காப்பாளர் வைடன்ஃபெல்லரைக் கடந்து, 89-ஆம் நிமிடத்தில் பந்தை மெல்ல உருட்டிவிட்டதை அன்று கேட்டு அழுதேன். அவரும் அழுதார்.

ஸ்வீடனுக்கு எதிராக இரு கோல்களும் தானே அடித்து, 96 ஆட்டங்கள், 37 கோல்களோடு 2017-இல் ராபன் நாட்டு அணியிலிருந்து விடைபெற்றதையும் சொல்லி முடித்தார். 2019-இல் ஓய்வு அறிவித்தவர், நெருக்கடியில் இருந்த குரோனிங்கனுக்கு உதவ மறு ஆண்டே திரும்பி வந்து, காயங்களோடு போராடி, 2021 மே மாதம் எம்மன் அணிக்கு எதிரான ஆட்டத்தில் இரண்டு கோல்களுக்கு வழி அமைத்த கதையைத் தொடங்குவதற்குள் பெரியவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

ஐயா, இந்த மடலை உங்கள் பேத்தி உங்களுக்கு மொழிபெயர்த்துச் சொல்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். எனக்குப் படியேற அனுமதி கிடைத்ததும் குரோனிங்கன் அணியின் யூரோபோர்க் அரங்கில் இரண்டு இருக்கைகளுக்குச் சீட்டு எடுப்பேன். எம்மன் ஆட்டத்தை அங்கே உட்கார்ந்து நீங்கள் சொல்ல வேண்டும்; அதுவரை வேறு யாரிடமும் கேட்க மாட்டேன்.